விமான நிலையம் யார் வீட்டுப் பணம்?

தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்குப் போகும் சாலையில், வாகைகுளம் என்னுமிடத்தில் உள்ள ஆகாய விமான நிலையத்திற்குப் புதிய கட்டிடம் ஒன்று கட்டி முடிக்கப்பட்டு, 2025-ம் வருஷம் ஜூலை மாதம் 26-ந் தேதி பிரதம மந்திரி திரு. நரேந்திர மோடி அவர்களால் திறந்து வைக்கப்பட்டது யாவருக்கும் தெரிந்த விஷயமாகும். இதற்குச் சுமார் 450 கோடி ரூபாய் செலவு என்று சர்க்காரே வெளியிட்டிருக்கின்றார்கள். கட்டிடத்தின் விஸ்தீரணம் 17,340 சதுர மீட்டர். வருஷமொன்றுக்கு 20 லட்சம் பிரயாணிகள் வந்து போகக்கூடிய வசதி அதில் செய்யப்பட்டிருக்கின்றது. முன்பு 1,350 மீட்டர் நீளமே இருந்த ஓடுபாதையானது இப்போது 3,115 மீட்டராக நீட்டப்பட்டிருக்கின்றது. இதனால் சிறிய விமானங்கள் மாத்திரமே இறங்கி வந்த இடத்தில் இனிப் பெரிய விமானங்களும் இறங்கலாம். இதற்கு வேண்டிய சுமார் 600 ஏக்கர் நிலத்தைத் தமிழ்நாட்டு சர்க்கார் எடுத்துக் கொடுத்திருக்கின்றார்கள்.

இதில் நமக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. விஞ்ஞானத்தின் பயனாய் மனிதன் பறக்கக் கற்றுக்கொண்டான். அந்தப் பயன் தென்கோடி ஜில்லாவுக்கும் வந்து சேருவதை நாம் வேண்டாமென்று சொல்லுவோமா? ஆனால் இம்மாதிரி திறப்பு விழாக்கள் நடக்கும்போதெல்லாம் சுவர்களிலும் மேடைகளிலும் வழங்குகின்ற பாஷையைப் பற்றித்தான் நாம் பேச வேண்டியிருக்கின்றது. “இன்னார் கொடுத்தார்”, “இன்னார் வழங்கினார்”, “இன்னார் பரிசளித்தார்” என்றுதான் சொல்லப்படுகின்றதே ஒழிய, யாருடைய பணத்தைக் கொண்டு கொடுத்தார் என்று யாரும் சொல்லுவதில்லை. சாமி வரம் கொடுத்தது என்று நம்பிக் கும்பிடுகிற பழக்கம் நம்மவர்களுக்கு எத்தனையோ தலைமுறையாக இருந்து வருவதால், மந்திரி கொடுத்தார் என்று சொன்னாலும் அதே கையைக் கூப்பிவிடுகின்றார்கள்.

குளத்தூர், விளாத்திகுளம், கோவில்பட்டிப் பக்கங்களிலுள்ள நமது தோழர்கள் இவ்விஷயத்தில் வேறு ஒரு முடிவுக்கும் வரக்கூடும். அதாவது, “கரிசக்காட்டில் மழையை எதிர்பார்த்துப் பருத்தியும் உளுந்தும் விதைக்கிற நமக்கும் ஆகாய விமானத்திற்கும் என்ன சம்பந்தம்? பறக்கிறவன் பறக்கட்டும், கட்டுகிறவன் கட்டட்டும்” என்று இருந்துவிடலாம். கையைக் கூப்புவதைப் போலவே இப்படிக் கையைக் கட்டிக்கொண்டிருப்பதும் தவறு என்பதே நமது அபிப்பிராயம். ஏனென்பதைச் சற்று விவரமாகச் சொல்லுகிறோம்.

தீக்குச்சியும் விமானமும்

ஆகாய விமானத்தைப் பற்றி இந்நாட்டில் ஏற்பட்ட முக்கியமான சட்டம் 1934-ம் வருஷத்திய விமானச் சட்டமாகும். விமானங்களைச் செய்வது, வைத்திருப்பது, ஓட்டுவது, சோதிப்பது முதலிய காரியங்களுக்கு விதிகள் செய்யும் அதிகாரத்தைச் சர்க்காருக்குக் கொடுத்தது அந்தச் சட்டந்தான். அதே 1934-ம் வருஷத்தில் வெள்ளைக்காரச் சர்க்கார் இன்னொரு சட்டமும் செய்தார்கள். அது தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி போடும் சட்டம். ஒன்று மேல்நாட்டிலிருந்து வந்த பெரிய மனிதர்களின் வாகனத்தைப் பற்றியது. மற்றொன்று ஏழை அடுப்புப் பற்றவைக்கிற குச்சியைப் பற்றியது. இரண்டும் ஒரே வருஷத்தில் பிறந்தன என்பதைக் கோவில்பட்டித் தோழர்கள் ஞாபகத்தில் வைக்க வேண்டும். ஏனெனில் சர்க்காருடைய பொக்கிஷத்திற்கு வருகிற காசு எந்த வாசலால் வந்தது என்று அதன்மேல் எழுதியிருப்பதில்லை. உள்ளே போனபின் எல்லாக் காசும் ஒன்றுதான்.

அந்த வரி பல பேர்கள் மாறி இன்றுவரை இருந்து வருகின்றது. தீப்பெட்டிக்கு இரண்டு விதமாக இருந்த ஜி.எஸ்.டி. வரியானது 2020-ம் வருஷம் ஏப்ரல் முதல் 12 சதவிகிதம் என்று ஒரே மாதிரியாக்கப்பட்டது. அதற்கு முன் கையால் செய்யும் தீப்பெட்டிக்கு 5 சதவிகிதமே இருந்தது. அதே 2020-ம் வருஷத்தில் விமானத்தில் சாதாரண வகுப்புப் பிரயாணச் சீட்டுக்கு வரி எவ்வளவு என்றால் 5 சதவிகிதம்! விமான எண்ணெய்க்கு வேறு வரிகள் உண்டு, தமிழ்நாட்டில் அதற்கு 29 சதவிகிதம் விற்பனை வரி விதிக்கப்பட்டு வந்திருக்கின்றது என்பது உண்மையே. ஆதலால் விமானப் பிரயாணி ஒன்றுமே கொடுக்கவில்லையென்று நாம் சொல்லவில்லை. ஆனால் பறக்காதவன் ஒன்றும் கொடுக்கவில்லை என்று யாராவது சொன்னால் அது முழுப் பொய் என்றுதான் சொல்லுகிறோம். விமான நிலையத்தின் வாசலை ஒரு நாளும் மிதியாத கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலாளியும், குளத்தூர் மிளகாய்ச் சம்சாரியும் பொதுப் பொக்கிஷத்திற்குக் கொடுத்துக்கொண்டேதான் இருக்கின்றார்கள்.

வரி வேறு, கட்டணம் வேறு

இனி, விமான நிலையங்களுக்குப் பணம் வரும் வழிகள் எவை என்று பார்ப்போம்.

முதலாவது, விமானக் கம்பெனிக்காரர்கள் கொடுப்பது. விமானம் இறங்குவதற்கு அதன் எடைக்குத் தக்கபடி ஒரு கட்டணம், நிறுத்தி வைப்பதற்கு ஒரு கட்டணம், ஆகாயத்தில் வழி காட்டுவதற்கு ஒரு கட்டணம் உண்டு. இரண்டாவது, பிரயாணி கொடுப்பது. அவனுடைய சீட்டுக்குள்ளேயே நிலையத்தை உபயோகிப்பதற்கு ஒரு கட்டணம், காவலுக்கு ஒரு கட்டணம் அடக்கம். காவல் கட்டணமானது 2021-ம் வருஷம் ஏப்ரல் முதல் உள்நாட்டுப் பிரயாணிக்கு 200 ரூபாயாகவும், வெளிநாடு போகிறவனுக்கு 12 டாலராகவும் உயர்த்தப்பட்டது. மூன்றாவது, கடை வாடகை, விளம்பரம், குத்தகை ஆகியவற்றால் வருவது. 2006-ம் வருஷத்தில் டில்லி, பம்பாய் விமான நிலையங்கள் தனிக் கம்பெனிகளுக்கு விடப்பட்டபோது, டில்லி வருமானத்தில் 45.99 சதவிகிதமும், பம்பாய் வருமானத்தில் 38.7 சதவிகிதமும் இந்திய விமான நிலைய ஆணையத்திற்குக் கொடுக்க வேண்டுமென்று ஒப்பந்தம் ஆயிற்று. பெரிய நிலையங்களிலிருந்து வரும் இந்தமாதிரி வருமானமே வாகைகுளம் போன்ற சிறிய நிலையங்களைத் தாங்கி நிற்கின்றது. நான்காவது, பொது வரிப்பணமும், சர்க்கார் எடுத்துக் கொடுக்கும் நிலமும் ஆகும்.

இந்த நான்கில் முதல் மூன்றைப் பார்த்து, “பறக்கிறவன்தானே கொடுக்கிறான், அவன் பணக்காரன், கொடுக்கட்டும்” என்று சிலர் சொல்லலாம். அதுவும் சரியல்ல. இந்தப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மழை பொய்த்த வருஷங்களில் துபாய்க்கும், சவூதிக்கும், சிங்கப்பூருக்கும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? நகையை அடகு வைத்துச் சீட்டு வாங்கிப் போகிற அந்தத் தொழிலாளிக்கும் 12 டாலர்தான். மெத்தை ஆசனத்தில் படுத்துக்கொண்டு போகிற முதலாளிக்கும் 12 டாலர்தான். இது நம் ஊர்களில் கோவில் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடுவது போன்றதாகும். நூறு ஏக்கர்க்காரனுக்கும் ஒரு தலைக்கட்டு. குடிசைக்காரனுக்கும் ஒரு தலைக்கட்டு! கேட்டால் எல்லோருக்கும் சமம் என்பார்கள். கொடுக்கிற இடத்தில் மாத்திரம் சமத்துவம் பேசுவது வெகுகாலத்திய தந்திரமாகும்.

சட்டம் இல்லாமல் வரி இல்லை

ஆனால் தலைக்கட்டு வரியில் ஒரு நல்ல பழக்கம் இருக்கின்றது. கொடை முடிந்த மறுநாள் ஊர் கூடி, வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு என்று கணக்கு வாசிக்க வேண்டும். வாசிக்காவிட்டால் நாட்டாண்மை என்றும் பார்க்காமல் கேட்பார்கள். கல்லுச்சாமிக்குச் செய்த செலவுக்கே இவ்வளவு கண்டிப்பாகக் கணக்குக் கேட்கிற நாம், 450 கோடி ரூபாய்க் காரியத்தில் வாய் திறக்காமல் இருக்கலாமா?

சட்டத்தின் அதிகாரமில்லாமல் எந்த வரியும் விதிக்கவோ வசூலிக்கவோ கூடாது என்று இந்திய அரசியல் சட்டத்தின் 265-வது பிரிவு சொல்லுகின்றது. அதாவது, மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் சபையில் வைத்து, பேசி, சட்டமாக்கினால்தான் மக்களிடம் காசு கேட்கலாம். ராஜா காலத்தில் இந்த நிபந்தனை இல்லை. இப்போது இருக்கின்றது. இந்த ஒரு வரிதான் பிரஜைக்கும் அடிமைக்கும் உள்ள வித்தியாசம்.

இது ஏட்டளவில் இருந்தால் போதாது என்பதற்கு விமான நிலைய விஷயத்திலேயே ஓர் உதாரணம் இருக்கின்றது. 1994-ம் வருஷத்திய விமான நிலைய ஆணையச் சட்டத்தில் 2003-ம் வருஷத்திய திருத்தத்தினால் 22-ஏ என்னும் பிரிவு சேர்க்கப்பட்டது. நிலையங்களைக் கட்டவும் விரிவாக்கவும் பிரயாணிகளிடம் அபிவிருத்திக் கட்டணம் வசூலிக்க அது இடம் கொடுத்தது. அதைக் காட்டி 2009-ம் வருஷம் பிப்ரவரியில் மத்திய சர்க்கார் இலாகாவிலிருந்து இரண்டு கடிதங்கள் எழுதப்பட்டன. அவற்றைக் கொண்டு டில்லியில் உள்நாட்டுப் பிரயாணிக்கு 200 ரூபாய், வெளிநாட்டுப் பிரயாணிக்கு 1,300 ரூபாய் என்றும், பம்பாயில் 100 ரூபாய், 600 ரூபாய் என்றும் வசூலிக்கத் தொடங்கினார்கள். ஒரு சங்கத்தார் வழக்குத் தொடுத்தார்கள். 2011-ம் வருஷம் ஏப்ரல் 26-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டார் என்ன சொன்னார்கள்? இது சாதாரணக் கட்டணமல்ல, ஒரு குறிப்பிட்ட காரியத்திற்காக வசூலிக்கப்படும் வரி போன்றது, ஆகவே சட்டப்படி விகிதம் நிர்ணயிக்கப்படாமல் இலாகாக் கடிதத்தின் பேரில் வசூலித்தது செல்லாது என்று தீர்ப்புச் சொன்னார்கள். கடிதம் எழுதியவர்கள் பெரிய உத்தியோகஸ்தர்கள். வாங்கியவர்கள் பெரிய கம்பெனிக்காரர்கள். அப்படியிருந்தும் கேட்கிறவர்கள் கேட்டதினால் பதில் கிடைத்தது.

கட்டணங்களை நிர்ணயிப்பதற்கென்றே 2008-ம் வருஷத்தில் ஒரு தனிச் சட்டம் செய்யப்பட்டு, அதன்படி தனி ஆணையம் ஒன்றும் ஏற்பட்டிருக்கின்றது. அது கம்பெனிக்காரர் சொல்லும் செலவுக் கணக்கை வாங்கிப் பார்த்து, பொதுஜனங்கள் சொல்லுவதையும் கேட்டு, விகிதம் தீர்மானிக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் வருஷத்திற்கு 15 லட்சம் பிரயாணிகள் வரும் நிலையங்களெல்லாம் அதன் பார்வைக்கு உட்பட்டவை என்றிருந்ததை, 2019-ம் வருஷத்தில் திருத்தி 35 லட்சத்துக்கு மேற்பட்டவை என்றாக்கிவிட்டார்கள். வாகைகுளத்துப் புதிய கட்டிடமோ 20 லட்சம் பேருக்குத்தான். அதாவது, அது நிரம்பி வழிந்தாலும் இந்த எண்ணிக்கைக் கணக்கின்படி அந்த ஆணையத்தின் பார்வைக்கு வராது. பெரிய பட்டணத்துப் பிரயாணிக்குக் கணக்குப் பார்க்க ஓர் ஆணையம். தென்பாண்டிச் சீமைப் பிரயாணிக்கு சர்க்கார் இலாகா வைத்ததுதான் சட்டம் என்றால், இதென்ன நியாயம் என்று கேட்கிறோம்.

சட்டம் தவறினால் வரியும் தவறும் என்பதை அமெரிக்கர்கள் வேறு விதமாக அனுபவித்திருக்கின்றார்கள். அங்கே 1946-ம் வருஷத்துச் சட்டப்படி விமான நிலையங்களுக்குப் பொது வரிப்பணத்திலிருந்தே மானியம் கொடுத்து வந்தார்கள். 1970-ம் வருஷத்தில் அதை மாற்றி, பிரயாணச் சீட்டின் மேலும் விமான எண்ணெயின் மேலும் வரி போட்டு, அதைத் தனி நிதியாக வைத்து, அதிலிருந்து நிலையங்களுக்கும் ஆகாயப் பாதுகாப்புக்கும் செலவிடச் சட்டம் செய்தார்கள். இந்தச் சட்டத்தை அவ்வப்போது சபை புதுப்பிக்க வேண்டும். 2011-ம் வருஷம் ஜூலையில் கட்சிச் சண்டையினால் புதுப்பிக்கத் தவறிவிட்டார்கள். சுமார் இரண்டு வார காலம் அந்த வரியை வசூலிக்க முடியவில்லை. நாளொன்றுக்குச் சுமார் 3 கோடி டாலர் நஷ்டம். சுமார் 4,000 உத்தியோகஸ்தர்கள் சம்பளமில்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். கட்டிட வேலைகள் நின்றுபோயின. வரி நின்றதே, சீட்டு விலை குறைந்ததா என்றால், அதுவும் இல்லை! அநேக கம்பெனிக்காரர்கள் அந்த அளவுக்குச் சீட்டு விலையை உயர்த்தித் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். வரி எடுபட்டால் ஏழைக்கு லாபம் என்று உபதேசம் செய்கிறவர்கள் இதைக் கவனிப்பார்களாக.

பறக்காத பாதைகள்

நம் நாட்டிலும் ஒரு தனி நிதி இருக்கின்றது. சிறு ஊர்களுக்கும் விமானம் விட வேண்டுமென்று 2016-ம் வருஷம் அக்டோபரில் “உடான்” என்னும் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. பெரிய வழிகளில் கிளம்பும் ஒவ்வொரு விமானத்திற்கும் தூரத்திற்குத் தக்கபடி 7,500 ரூபாய் முதல் 8,500 ரூபாய் வரை முதலில் விதித்து, அந்தப் பணத்திலிருந்து சிறு ஊர்களுக்கு விமானம் விடுகிற கம்பெனிகளின் நஷ்டத்தை ஈடு செய்வது என்பது ஏற்பாடு. ஈடு செய்வதில் பெரும்பாலும் 80 சதவிகிதம் இந்த நிதியிலிருந்தும், 20 சதவிகிதம் அந்தந்த மாகாண சர்க்காரிடமிருந்தும் வர வேண்டும். மாகாண சர்க்காரின் பங்கு என்றால் அது பொது வரிப்பணந்தான்.

நோக்கத்தைப் பற்றி நமக்குச் சண்டையில்லை. இருக்கிறவனிடம் வாங்கி இல்லாத ஊருக்குக் கொடுப்பது நல்ல கொள்கையே. ஆனால் பலன் என்ன? மத்திய சர்க்காரின் கணக்குத் தணிக்கை அதிகாரி 2023-ம் வருஷத்தில் ரிப்போர்ட்டு வெளியிட்டிருக்கின்றார். அதன்படி கொடுக்கப்பட்ட 774 வழிகளில் 403 வழிகளில் விமானம் கிளம்பவே இல்லை. கிளம்பிய 371 வழிகளில் மூன்று வருஷச் சலுகைக் காலத்தை முழுதும் ஓடி முடித்தவை 112. சலுகை தீர்ந்தபின்பும் 2023 மார்ச் வரை நிலைத்து ஓடியவை 54. அதாவது நூற்றுக்கு ஏழு! நம் சேலமே இதற்கு அத்தாட்சி. 2018-ல் அத்திட்டத்தின்கீழ் அங்கே விமானம் வந்தது, 2021-ல் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடியும் வந்தது.

நூறு மூட்டை விதைத்து ஏழு மூட்டை கண்ட சம்சாரி, அடுத்த வருஷம் விதைப்பதற்கு முன் நிலத்தில் கோளாறா, விதையில் கோளாறா என்று பார்ப்பான். சர்க்கார் மாத்திரம் பார்க்காமல் விதைத்துக்கொண்டே போகலாமா?

கலுங்கு இல்லாத கண்மாய்

இவையெல்லாம் காசைப் பற்றிய விஷயங்கள். இனிச் சொல்லுவது உயிரைப் பற்றியது. நமது தலையங்கத்தின் முக்கிய நோக்கமும் இதுவேயாகும்.

கண்மாய் வெட்டுகிறவன் கரையை மாத்திரம் போட்டால் போதாது. கலுங்கும் வைக்க வேண்டும். பத்து வருஷத்துக்கு ஒருமுறைதான் கலுங்கில் தண்ணீர் போகும். மற்ற வருஷங்களில் அது வீண் செலவாகத்தான் தோன்றும். ஆனால் பெருமழை பெய்யும் அந்த ஒரு நாளில் கலுங்கு இல்லாவிட்டால் கரை போகும். கரை போனால் ஊர் போகும். விமான நிலையத்திலும் அப்படித்தான். ஓடுபாதையின் முனைக்கு அப்பால், விமானம் தவறி ஓடினாலும் உடையாமல் நிற்பதற்கு வெற்றிடம் விட வேண்டும். சர்வதேச விதிப்படி அது குறைந்தது 90 மீட்டர், பெரிய ஓடுபாதைகளுக்குக் கூடுமானவரை 240 மீட்டர் இருக்க வேண்டும். தீயணைக்கும் வண்டி ஓடுபாதையின் எந்த மூலைக்கும் மூன்று நிமிஷத்துக்குள் போய்ச் சேர வேண்டும். விமானத்தைச் சோதிக்கிற உத்தியோகஸ்தர்கள் போதிய பேர் இருக்க வேண்டும். இவற்றில் எதற்கும் திறப்பு விழா இல்லை. ரிப்பன் வெட்ட முடியாது. படம் பிடிக்க முடியாது. ஆகவே இவற்றிற்குக் காசு கேட்டால் வருவதுமில்லை.

2010-ம் வருஷம் மே 22-ந் தேதி மங்களூரில் விமானம் ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து 158 பேர் மாண்டார்கள். 2020-ம் வருஷம் ஆகஸ்டு 7-ந் தேதி கோழிக்கோட்டில் அதேபோல் தாண்டி விழுந்து 21 பேர் மாண்டார்கள். உடனே நம்மவர்கள் “விதி”, “வேளை”, “அவர்கள் தலையெழுத்து” என்றார்கள். ஆனால் விசாரணை செய்தவர்கள் தலையெழுத்தைத் தேடவில்லை. விமானம் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இறங்கியது, திரும்ப மேலே கிளப்ப வேண்டிய சமயத்தில் விமானி கிளப்பவில்லை என்று காரணத்தைக் கண்டு எழுதினார்கள். காரணம் தெரிந்தால்தான் அடுத்த சாவைத் தடுக்க முடியும். இரண்டு இடமும் குன்றின் உச்சியில் மேசைபோல் அமைந்த ஓடுபாதைகள் என்பதும் கவனிக்கத்தக்கது. மனிதன் தவறு செய்வான். அந்தத் தவறு சாவாக முடியாமலிருப்பதற்குத்தான் கலுங்கு.

நிற்க, சோதனை செய்யும் உத்தியோகஸ்தர்களின் நிலைமையைப் பார்ப்போம். 2025-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் பார்லிமெண்டுக் கமிட்டி ஒன்று கொடுத்த ரிப்போர்ட்டில், விமானப் பாதுகாப்பை மேற்பார்வை செய்யும் டைரக்டர் ஜெனரல் ஆபீசில் அனுமதிக்கப்பட்ட உத்தியோகங்களில் 53 சதவிகிதத்துக்கு மேல் காலியாக இருக்கின்றதென்றும், விமான நிலையக் காவலை மேற்பார்க்கும் இலாகாவில் 35 சதவிகிதம் காலியென்றும் சொல்லப்பட்டிருக்கின்றது. பள்ளிக்கூடத்தில் பாதி வாத்தியார்கள் இல்லையென்றால் பிள்ளைகள் பாடம் படிக்கவில்லை என்பதோடு போகும். இங்கே பாதிப்பேர் இல்லையென்றால் என்ன ஆகும்?

அந்த ரிப்போர்ட்டு வந்து மூன்று மாதத்திற்குள், ஜூன் 12-ந் தேதி ஆமதாபாத்தில் விமானம் விழுந்து 260 பேர் மாண்டார்கள். ரிப்போர்ட்டுக்கும் இந்த விபத்துக்கும் நாம் முடிச்சுப் போடவில்லை. காரணத்தைச் சொல்லுவது விசாரணைக்காரர்களின் வேலை. ஆனால் ஒன்றை மாத்திரம் நமது குளத்தூர்த் தோழர்கள் கவனிக்க வேண்டும். மாண்ட 260 பேரில் 19 பேர் அந்த விமானத்தில் ஏறியவர்களே அல்லர். கீழே, வைத்தியக் கல்லூரி விடுதிப் பக்கத்தில், தங்கள் தங்கள் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். சீட்டு வாங்காதவர்கள். விழுகிற விமானம் நீ சீட்டு வாங்கியவனா என்று கேட்டுவிட்டு விழுவதில்லை.

“நமக்கும் விமானத்துக்கும் என்ன சம்பந்தம்” என்பதற்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை.

நாம் கேட்பது என்ன?

ஆகவே நாம் சொல்லுவது இதுதான். பளிங்குத் தரையும், குளிர்ந்த காற்றும், கண்ணாடிச் சுவரும் பறக்கிறவர்களின் சௌகரியம். அதற்குப் பறக்கிறவர்களே கொடுக்கட்டும். அதிலும் மெத்தை ஆசனக்காரன் அதிகமும், கூலிக்குப் போகிறவன் குறைவுமாகக் கொடுக்கட்டும். பாதுகாப்பு என்பது பறக்கிறவன், பறக்காதவன் ஆகிய எல்லோருடைய உயிரும். அதற்குப் பொதுப் பணத்தைச் செலவு செய்வதில் நமக்கு ஆட்சேபணை இல்லை. கட்டிடத்துக்கு முன்னால் அதற்குத்தான் செய்ய வேண்டுமென்கிறோம். அந்தப் பணம் வேறு காரியத்துக்குத் திரும்பாதபடி சட்டத்திலேயே கட்டி வைக்க வேண்டும். காலி உத்தியோகங்களை நிரப்பாமல் புதிய நிலையங்களைத் திறக்கக் கூடாது. எந்தச் சிறு நிலையமானாலும், வாங்கிய கட்டணம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று வருஷந்தோறும் தமிழில் அச்சடித்து அந்த நிலையத்து வாசலிலேயே ஒட்ட வேண்டும்.

தமிழில் என்று ஏன் சொல்லுகிறோமென்றால், 1934-ம் வருஷத்து விமானச் சட்டத்தை எடுத்துவிட்டு, 2025-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி முதல் புதிய சட்டம் ஒன்று அமுலுக்கு வந்திருக்கின்றது. அதன் பேர் “பாரதீய வாயுயான் அதிநியம்” என்பதாம். இங்கிலீஷ் வாசகத்துக்கும் இதுதான் பேர். காசு கொடுக்கிறவனுக்குத் தன் காசைப் பற்றிய சட்டத்தின் பேரே வாயில் நுழையக்கூடாது என்றால், உள்ளே என்ன எழுதியிருக்கின்றது என்று அவன் எப்போது தெரிந்துகொள்வான்?

கரிசல் சீமைக்கு மற்றொன்றும் சொல்ல வேண்டியிருக்கின்றது. நமது மிளகாய் வற்றலும், மல்லியும், உளுந்தும் விமானத்தில் போகப் போவதில்லை. அவை லாரியிலும் ரயிலிலும்தான் போகும். ஆதலால் வாகைகுளத்தில் விமானம் இறங்கிவிட்டது, இனி நமக்குப் பஞ்சமில்லை என்று யாராவது வந்து சொன்னால் நம்ப வேண்டாம். விமான நிலையம் வந்ததற்காக, கண்மாய் மராமத்தையோ, சாலையையோ, கிட்டங்கியையோ கேட்பதை ஒரு நாளும் விட வேண்டாம். அது ஒரு கணக்கு, இது ஒரு கணக்கு. இரண்டும் நம் பணந்தான்.

ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் மேடையேறி, விமான நிலையம் கொடுத்தோம் என்று சொல்லும் சமயத்தில், கூட்டத்திலிருந்து ஒரு தோழர் எழுந்து, “யார் பணத்தில்? எந்தச் சட்டப்படி? தீயணைப்புக்கு எவ்வளவு? சோதனைக்காரர் எத்தனை பேர்?” என்று நான்கு கேள்விகள் கேட்டால் போதும். கொடுத்தவர் யார், வாங்கியவர் யார் என்பது மேடையில் இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிடும். பொதுஜனங்கள் சிந்தித்துப் பார்ப்பார்களாக.